இல்லினாய் முதலாம் தொகுதியின் எல்லைகளை வரையப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் தொகுதி மறுவரையறைப் பொறுப்பை ஏற்றிருக்கும், இனி ஏற்கவிருக்கும் உறுப்பினர்கள், ஸ்பிரிங்ஃபீல்ட்.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிகாகோவின் தென்மேற்குப் புறநகர் ஒன்றில் குடியிருக்கும் நான், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கான இல்லினாய் முதலாம் தொகுதியின் வாக்காளர். இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வந்து சேரும். இங்கே தமிழில் எழுதக் காரணம், இந்தத் தொகுதியிலும் அதன் அண்டைத் தொகுதிகளிலும் வசித்து, வாக்குச்சீட்டில் தொகுதி எண்ணைப் பார்ப்பதோடு நின்றுவிடும் தமிழ் வாக்காளர்களும் இதன் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பமே.

இந்தத் தொகுதி யாரையெல்லாம் வாஷிங்டனுக்கு அனுப்பியது என்ற பட்டியல் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். 1929 முதல் இன்றுவரை இடைவெளியின்றிக் கறுப்பின உறுப்பினர்களே இதன் சார்பில் அமர்ந்திருக்கிறார்கள். நாட்டில் வேறெந்தத் தொகுதிக்கும் இத்தனை நீண்ட தொடர்ச்சி கிடையாது. ஆண்டுதோறும் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் அந்தப் பெயர்கள் மேடைகளில் வாசிக்கப்படுகின்றன. ஆனால் அந்த உறுப்பினர்களை உண்மையில் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எல்லைக்கோட்டை வரையும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால், அந்த இரண்டாவது கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன்.

1901 மார்ச்சில், வட கரோலினாவின் இரண்டாம் தொகுதி உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் சபையை விட்டு வெளியேறினார். தலைவரிகளாலும் எழுத்தறிவுச் சோதனைகளாலும் தென் மாநிலங்கள் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. சபையில் எஞ்சியிருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் அவர்தான். தம் மக்கள் ஒருநாள் ஃபீனிக்ஸ் பறவைபோல் எழுந்து மீண்டும் வருவார்கள் என்று அவர் தமது இறுதி உரையில் சொல்லிவிட்டுப் போனார். அதே 1901ஆம் ஆண்டில்தான் உங்கள் சட்டமன்றம் இல்லினாயை 25 தொகுதிகளாகப் பிரிக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்பின் 1910, 1920, 1930, 1940 எனப் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் நான்கு வந்துபோயும் அந்தக் கோடுகள் அசையவில்லை. வளர்ந்துகொண்டிருந்த சிகாகோவுக்கு இடங்களை விட்டுக்கொடுக்க மாநிலத்தின் மற்றப் பகுதி உறுப்பினர்களுக்கு மனமில்லை. விளைவாக, ஒரு தொகுதியில் 9,14,000 பேரும் இன்னொன்றில் 1,12,000 பேரும் இருக்கும் நிலை உண்டாயிற்று. 1946இல் கோல்குரோவ் எதிர் கிரீன் வழக்கில் இந்த அநீதி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, இது அரசியல் முட்புதர், நீதிமன்றம் இதற்குள் நுழையலாகாது என்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் ஒதுங்கிக்கொண்டார். மறு ஆண்டில்தான் உங்கள் முன்னோர்கள் புதிய வரைபடம் ஒன்றை இயற்றினார்கள்.

அசையாத அந்தக் கோடுகளுக்குள் மக்கள் அசைந்தார்கள் என்பதே முதலாம் தொகுதியின் கதை. 1910இல் சிகாகோவில் 44,103ஆக இருந்த கறுப்பின மக்களின் தொகை 1920இல் 1,09,458ஆகவும், 1930இல் 2,33,903ஆகவும் உயர்ந்தது. மிசிசிப்பியிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களுக்கு இந்த மாநகரம் தெற்குப் பக்கத்தில் ஒரு குறுகிய பட்டையை மட்டுமே விட்டுவைத்தது; அதைத் தாண்டினால் கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று வெள்ளைக்கார உரிமையாளர்கள் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பட்டையின் பெரும்பகுதி முதலாம் தொகுதிக்குள் விழுந்தது. அமெரிக்கப் பாராளுமன்றத்தில் கறுப்பினப் பிரதிநிதித்துவத்தை மீட்டெடுத்த தொகுதி இவ்வாறு எவருடைய நல்லெண்ணத்தாலும் உருவானதன்று; வீட்டு வாசல்களில் மூடப்பட்ட கதவுகளும் ஸ்பிரிங்ஃபீல்டின் நாற்பத்தாறு ஆண்டுச் சோம்பலும் சேர்ந்து, தம்மையறியாமலே அதை உண்டாக்கின.

1928 ஏப்ரலில், தொகுதியின் நீண்டகால வெள்ளையின உறுப்பினரும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவருமான மார்ட்டின் மேடன், அக்குழுவின் அறையிலேயே உயிர் நீத்தார். வேட்பாளரை நியமிக்கும் உரிமை குடியரசுக் கட்சியின் வார்டுப் பொறுப்பாளர்கள் சிலரிடம் வந்து சேர்ந்தது. அவர்களுள் ஒருவராக இருந்த ஆஸ்கர் டி பிரீஸ்ட், மேயர் வில்லியம் தாம்சனின் ஆதரவோடு அந்த இடத்தைத் தமக்கே பெற்றுக்கொண்டார். அலபாமாவில் பிறந்து, சிகாகோவில் வண்ணம் பூசும் தொழிலாளியாகத் தொடங்கி, 1915இல் மாநகராட்சி மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானவர் அவர். நவம்பரில் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். 1929 ஏப்ரலில் உறுதிமொழி ஏற்கும் நாளில், தென் மாநில உறுப்பினர்கள் ஆட்சேபம் எழுப்ப வழியில்லாதபடி, மாநிலவாரியாக அழைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அனைவரையும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கச் சொன்னார் அவைத்தலைவர் நிக்கோலஸ் லாங்வொர்த். இருபத்தெட்டு ஆண்டு வெறுமை அந்தச் சிறு தந்திரத்தால் முடிவுக்கு வந்தது.

டி பிரீஸ்டின் ஆறு ஆண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரு தொகுதியின் உறுப்பினர் தமது எல்லையைத் தாண்டியும் எவ்வளவு பேருக்குப் பொறுப்பாகிறார் என்பது அவரிடத்தில்தான் முதலில் தெரிந்தது. வாக்களிக்க முடியாத தென் மாநிலக் கறுப்பின மக்கள் தங்கள் குறைகளை அவருக்கே எழுதினார்கள். உறுப்பினர்களின் மனைவியருக்கு வெள்ளை மாளிகையில் அளிக்கப்பட்ட தேநீர் விருந்துக்கு அவருடைய மனைவி ஜெசியையும் குடியரசுத் தலைவரின் மனைவி லூ ஹூவர் அழைத்தார் என்பதற்காகவே, தென் மாநிலச் சட்டமன்றங்கள் கண்டனத் தீர்மானம் போட்டன. 1933இல், இளைஞர்களுக்கு வேலை தந்த வனப் பாதுகாப்புப் படையில் இனப் பாகுபாடு கூடாது என்ற திருத்தத்தை அவர் சட்டத்தில் ஏற்றினார். 1934இல், சபையின் பொது உணவகத்தில் அவருடைய செயலாளர் மாரிஸ் லூயிஸுக்கு உணவு மறுக்கப்பட்டது. டி பிரீஸ்ட் விசாரணை கோரினார். தீர்மானத்தைக் குழுவிலிருந்து வெளியே கொணரத் தேவையான 145 கையெழுத்துகளையும் சேர்த்தார். ஆயினும் விசாரணைக் குழு கட்சிவாரியாகப் பிரிந்து நின்று, அதன் பெரும்பான்மை பழைய நிலையையே காப்பாற்றிவிட்டது. சட்டம் இயற்றும் கட்டடத்திலேயே ஒரு வேளை உணவுக்காக இத்தனை போராட வேண்டியிருந்தது.

ஆனால் 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மத்திய அரசின் நிவாரணச் செலவுகளை அவர் எதிர்த்தார். வேலையிழந்த வாக்காளர்கள் அதை மன்னிக்கவில்லை. 1934இல் ஆர்தர் மிட்செல் அவரைத் தோற்கடித்து, சபைக்குத் தேர்வான முதல் கறுப்பின ஜனநாயகக் கட்சியினரானார். மிட்செலும் உட்கட்சித் தேர்தலில் வென்றவரல்லர். அதில் தோற்றார், வென்ற ஹாரி பேக்கர் இறந்துபோனதால் கட்சிப் பொறுப்பாளர்கள் இவரை நிறுத்தினார்கள். 1937இல் ஆர்கன்சாவுக்குப் பயணம் செய்தபோது முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்கு விரட்டப்பட்ட மிட்செல், வழக்குத் தொடுத்து, 1941இல் உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பைப் பெற்றார் என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

1943இல் தொடங்கி 1970இல் இறக்கும்வரை இத்தொகுதியை வைத்திருந்தவர் வில்லியம் டாசன். இவரை எப்படி மதிப்பிடுவது என்பதில் இந்தத் தொகுதியின் பெரியவர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. 1949இல் பிரதிநிதிகள் சபையின் நிலைக்குழு ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 1951இல், இனவாரியாகப் பிரிந்த படைப்பிரிவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைப் படைவீரர்களுக்குத் தரும் திருத்தம் வந்தபோது, முதல் உலகப் போரில் நச்சுப்புகையால் தாக்குண்டு வந்த அந்த மனிதர் எழுந்து பேசினார், திருத்தம் தோற்றது. அதே டாசன்தான், சிகாகோவினர் ‘மெஷின்’ என்றே அழைத்த ஜனநாயகக் கட்சி அமைப்பின் தெற்குப் பக்கத் தளபதி. பூத் பொறுப்பாளர் முதல் மாநகராட்சி வேலை வரை அவருடைய வார்டுகளில் எல்லாம் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருந்தன. வாக்குகள் மேலே போயின, வேலைகள் கீழே வந்தன. 1955இல் ரிச்சர்ட் டேலி மேயராவதற்கு அந்த வாக்குகளே பெரும் துணை. அதற்கு ஈடாகத் தொகுதிக்குக் கிடைத்ததில் ஒன்று, 1962இல் முடிக்கப்பட்ட ராபர்ட் டெய்லர் குடியிருப்பு: பதினாறு மாடிகள் கொண்ட 28 கட்டடங்கள், நீண்ட வரிசையாக, வெள்ளையினப் பகுதிகளிலிருந்து நெடுஞ்சாலையால் துண்டிக்கப்பட்டு. இனப் பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு மத்திய நிதி கூடாது என்று நியூயார்க்கின் ஆடம் கிளேட்டன் பவல் 1956இல் திருத்தம் கொண்டுவந்தபோது, டாசன் அதை ஆதரிக்கவில்லை. என் கணிப்பில் டாசன் திறமையற்றவரல்லர். தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு விசுவாசமாகவே இருந்தார். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் வாக்காளர்களாக இல்லை என்பதுதான் கோளாறு.

அவருக்குப் பின்வந்த ரால்ஃப் மெட்காஃப் அந்தக் கணக்கை மாற்றினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெசி ஓவன்ஸுக்கு அடுத்ததாக ஓடி வெள்ளியும், தொடரோட்டத்தில் தங்கமும் வென்றவர். டேலியின் அமைப்பில் பதினைந்து ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக அடங்கி நடந்தவர். 1970இல் அந்த அமைப்பின் ஆசியோடு சபைக்குச் சென்றவர். 1972இல், கறுப்பினப் பல் மருத்துவர்களைக் காவல்துறையினர் அவமதித்த நிகழ்வுகளுக்குப் பின், மெட்காஃப் டேலியிடமிருந்து வெளிப்படையாகப் பிரிந்தார். வேலைகளும் சலுகைகளும் பறிக்கப்பட்டன. 1976 உட்கட்சித் தேர்தலில் எர்வின் ஃபிரான்ஸ் என்பவரை அமைப்பு எதிரே நிறுத்தியது. மெட்காஃப் பெரும் வித்தியாசத்தில் வென்றார். டி பிரீஸ்ட் வென்று 48 ஆண்டுகள் கழித்து, கட்சி அமைப்பு வேண்டாம் என்று சொன்ன ஒருவரை வாக்காளர்கள் வேண்டும் என்று சொன்னார்கள். இந்தத் தொகுதியின் வரலாற்றில் 1928ஐவிட 1976ஐயே நான் பெரிய ஆண்டாகக் கருதுகிறேன். மேடைகளில் அந்த ஆண்டு பேசப்படுவதில்லை.

வெற்றி நீடிக்கவில்லை. 1978 அக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில் மெட்காஃப் மறைந்தார். மீண்டும் வார்டுப் பொறுப்பாளர்கள் கூடினார்கள். பென்னட் ஸ்டூவர்ட்டை நியமித்தார்கள். 1980 உட்கட்சித் தேர்தலில் ஹெரால்ட் வாஷிங்டன் அவரை வீழ்த்தியபோதுதான் 1976இன் தீர்ப்பு உறுதிப்பட்டது. வாஷிங்டன் சபையில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அதற்குள் 1982ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்ட நீட்டிப்புக்காக உழைத்தார். 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரானார். அதன்பின் நடந்தது உங்கள் பணிக்கு நேரடியாகத் தொடர்புடையது. மாநகராட்சி மன்றத்தில் 29 பேர் அவருக்கு எதிராகவும் 21 பேர் ஆதரவாகவும் நின்றார்கள்; அந்த 29 பேர் அவருடைய நியமனங்களையெல்லாம் முடக்கினார்கள். 1981இல் வரையப்பட்ட வார்டு எல்லைகள் கறுப்பின, லத்தீன் வாக்காளர்களின் பலத்தைச் சிதறடித்தன என்று நீதிமன்றம் கண்டது. எல்லைகள் திருத்தப்பட்டு, 1986இல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. மன்றம் 25க்கு 25 என்று சமமாகி, மேயரின் வாக்கு முடிவைத் தீர்மானித்தது. மேயர் அதே மேயர்தான், நகரமும் அதே நகரந்தான். கோடுகள் மட்டும் நகர்ந்தன.

வாஷிங்டனுக்குப் பின், இறைச்சித் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த சார்லஸ் ஹேய்ஸ் 1993 தொடக்கம் வரை இருந்தார். அவரை 1992 உட்கட்சித் தேர்தலில் வென்ற பாபி ரஷ், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியை 1968இல் இல்லினாயில் தொடங்கியவர்களுள் ஒருவர். மாநகராட்சி மன்றத்தின் அந்த 21 பேரிலும் ஒருவர். 2000ஆம் ஆண்டில் தம்மை எதிர்த்த பராக் ஒபாமா என்னும் மாநில செனட்டரை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தோற்கடித்தார் என்பதை ரசித்துச் சொல்லாத தெற்குப் பக்கத்தவர் இல்லை. ஆனால் ரஷ்ஷின் முப்பது ஆண்டுகளில் நான் முதன்மையாகக் கருதுவது வேறு. கும்பல் கொலையை மத்திய அரசின் குற்றமாக்கும் மசோதாவை 1900இல் முதலில் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட். டி பிரீஸ்டும் மிட்செலும் அதே நோக்கில் முயன்றார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் ஒவ்வொன்றாக மடிந்தன. 1955இல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெட் டில் வளர்ந்தது சிகாகோவில். அவனுடைய சவப்பெட்டியை மூடாமல் வைத்து ஊரையும் உலகையும் பார்க்கச் சொன்ன தாயின் துணிவு தெற்குப் பக்கத்தின் ஒரு தேவாலயத்தில் நிகழ்ந்தது. அச்சிறுவனின் பெயரைத் தாங்கிய, ரஷ் கொண்டுவந்த மசோதா, 422க்கு 3 என்ற வாக்குகளில் சபையைக் கடந்து, 2022 மார்ச் 29 அன்று சட்டமானது.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். 2020 கணக்கெடுப்புக்குப் பின் இல்லினாய் ஓர் இடத்தை இழந்து 17 தொகுதிகளாகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் 7,53,677 பேர் என்பது கணக்கு. சிகாகோவின் கறுப்பின மக்களின் தொகை 1980இல் ஏறத்தாழ 12 லட்சம். 2020இல் 8 லட்சத்துக்கும் குறைவு. ராபர்ட் டெய்லர் குடியிருப்பின் கடைசிக் கட்டடமும் 2007இல் இடிக்கப்பட்டுவிட்டது. எனவே தொகுதி வெளியே நீள வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நீண்டதால்தானே என்னைப் போன்ற புறநகர்வாசிகளும் இதில் வாக்களிக்கிறோம். ஆனால் நீள்வது கட்டாயம் என்றாலும், எந்தத் திசையில், எந்தத் தெருவைப் பிளந்து நீள்வது என்பது உங்கள் தேர்வு. சிகாகோ தெற்குப் பக்கத்தின் பழைய கறுப்பினக் குடியிருப்பான பிரான்ஸ்வில்லில் தொடங்கி, வில் கவுண்டியின் புறநகர்களைக் கடந்து, கேங்கக்கீ கவுண்டியின் வயல்களைத் தொடும் இந்த உருவம் ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு, எந்தக் காரணமும் எழுத்தில் எங்களுக்குத் தரப்படவில்லை. உறுதியான ஜனநாயகக் கட்சி வாக்குகளை நகரிலிருந்து எடுத்துப் புறநகரின் எதிர்க்கட்சி வாக்குகள்மேல் பரப்புவதற்கே என்று எல்லோரும் ஊகிக்கிறார்கள், நீங்களும் மறுப்பதில்லை. 2021 அக்டோபர் நடுவில் முதல் வரைவு வெளிவந்தது. மாதம் முடிவதற்குள் சட்டமன்றம் இறுதி வடிவத்தை நிறைவேற்றியது. நவம்பர் 23 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். ஏழரை லட்சம் பேர் கொண்ட தொகுதிகளின் எல்லையைப் படித்து, விவாதித்து, ஆட்சேபிக்க மக்களுக்குக் கிடைத்தது இரண்டு வாரம்.

இதன் விளைவை 2022இல் பார்த்தோம். ரஷ் விலகியதால் ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் பதினேழு பேர் போட்டியிட்டார்கள். கறுப்பின உரிமைத் தலைவர் ஜெசி ஜாக்சனின் மகனான ஜோனதன் ஜாக்சன் 28 விழுக்காடு அளவு வாக்குகளில் வென்றார். 1935 முதல் இந்தத் தொகுதி ஒருமுறைகூடக் குடியரசுக் கட்சியிடம் போனதில்லை. ஆகவே நவம்பர்த் தேர்தல் சடங்கு. நான் ஜாக்சன் அவர்களைக் குறை சொல்லவில்லை. விதிகள் எப்படியோ அப்படியே வென்றார். எனினும், நூற்றில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேறொருவரைக் கேட்டிருக்க, முப்பதுக்கும் குறைவானோரின் தேர்வே முடிவாகும்படியான ஒரு தொகுதியை வரைந்தவர்கள், வார்டுப் பொறுப்பாளர்கள் பூட்டிய அறையில் செய்ததையே வேறு விதமாகச் செய்கிறார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2025இல் டெக்சாஸ் பத்தாண்டு முடியுமுன்பே தன் வரைபடத்தை மாற்றியது. கலிஃபோர்னியா வாக்கெடுப்பு நடத்திப் பதிலடி கொடுத்தது. இல்லினாயும் இன்னும் ஓரிரு இடங்களைப் பிழிந்தெடுக்க வேண்டும் என்ற நெருக்குதல் உங்களுக்கும் வந்தது. அவர்கள் செய்யும்போது நாம் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்ற வாதத்தின் வலுவை உணர்கிறேன். ஆயினும் அந்த இடங்கள் எங்கிருந்து பிழியப்படும்? கறுப்பின வாக்காளர்கள் மிகுந்த முதலாம், இரண்டாம், ஏழாம் தொகுதிகளின் வாக்காளர்களை இன்னும் மெல்லியதாகப் பரப்பித்தான். ஒரு காலத்தில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவராக இருந்த முதலாம் தொகுதியில் இன்று அவர்கள் ஏறக்குறைய பாதி. இதற்குமேல் பரப்பினால், 1976இல் நடந்ததுபோல் ஒரு சமூகம் தன் கட்சியின் தலைமையையே எதிர்த்து நிற்பதற்கு வேண்டிய எண்ணிக்கை எங்கும் சேராமல் போகும்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. பத்தாண்டு நடுவே வரைபடத்தைத் தொடுவதில்லை என்று இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். 2030 கணக்கெடுப்புக்குப் பின் வரையும்போது, பிரான்ஸ்வில், வுட்லான், சாத்தம் போன்ற பழைய குடியிருப்புகள் ஒவ்வொன்றும் பிளவுபடாமல் ஏதேனும் ஒரு தொகுதிக்குள் முழுமையாக இருக்கட்டும். அது முதலாம் தொகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட நான் வற்புறுத்தவில்லை. ஒரு குடியிருப்பைப் பிளந்தே தீரவேண்டும் என்றால், அதற்கான காரணத்தை, வரைந்தவரின் பெயரோடு, எழுத்தில் வெளியிடுங்கள். பொது விசாரணைகளைப் பகல் வேளையில் ஸ்பிரிங்ஃபீல்டிலும் இணையத்திலும் மட்டும் நடத்தி முடித்துவிடாமல், தொகுதியின் இரு முனைகளிலும், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் நடத்துங்கள். இறுதி வரைபடம் வெளியான நாளுக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடையே குறைந்தது முப்பது நாள் இருக்கட்டும். அந்த முப்பது நாளில் வரும் எழுத்துமூல ஆட்சேபங்களுக்குக் குழு பதில் தந்த பிறகே மசோதா அவைக்கு வரட்டும்.

இவற்றுள் எதற்கும் அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. உங்கள் அவை விதிகளில் ஒரு பக்கம் போதும். அடுத்த கூட்டத்தொடரிலேயே அதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
இல்லினாய் முதலாம் தொகுதியின் வாக்காளர் ஒருவர்